திருவிழா ஷட்டிலும் அதை ஓட்டும் வெப் ஆப்பும்: கம்பம், குமுளி பக்கத்துக் கேள்விகள்

சித்ரா பௌர்ணமி, ஐயப்ப சீசன், முகூர்த்த மாதங்கள். இந்த மூன்று காலத்திலும் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி ஏற்பாடு செய்கிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கோவில் கமிட்டிக்காரர், கல்யாண வீட்டு மாமா, ஜீப் ஓட்டுநர், அவர்களுக்கு ஆப் எழுதித் தருகிற கல்லூரிப் பிள்ளைகள் என்று கேட்கிற ஆள் மட்டும் மாறுவார். வண்டியையும் ஆப்பையும் பிரிக்காமல் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டில் எது படுத்தாலும் ஸ்டாண்டில் நிற்கிறவருக்கு விஷயம் ஒன்றுதான்: வண்டி வரவில்லை.

ஷட்டிலுக்கும் வாடகை வண்டிக்கும் என்ன வித்தியாசம்?

வாடகை வண்டி உங்களைக் கொண்டு போய் விட்டு, காத்திருந்து, திரும்பக் கூட்டி வரும். ஷட்டில் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு இடங்களுக்கு நடுவே நாள் முழுக்கப் போய் வந்து கொண்டே இருக்கும். சபரிமலை போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போகிறோமே, அதுதான். அங்கே செயின் சர்வீஸ் என்பார்கள். 2018 வெள்ளத்தில் பம்பைக் கரை சிதைந்த பிறகு நிலக்கல்தான் முக்கிய வண்டி நிறுத்துமிடம் ஆனது. நம்மூர்க் கல்யாணத்தில் லாட்ஜுக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஓடும் வேனும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கண்ணகி கோவிலுக்கு எங்கள் ஊர்க் குழுவே ஜீப் பேசி, ஆப்பில் சீட்டு போடலாமா?

மலை மேல் போகிற ஜீப்புக்கு முடியாது. மங்கலதேவி கண்ணகி கோவில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பக்தர்களை விடுவது வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசித்தான் ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து கோவிலுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் காட்டுப்பாதை. எந்த ஜீப் ஏறலாம் என்று சோதித்து அனுமதி கொடுப்பதும், ஆளுக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதும் அதிகாரிகள். தமிழகப் பக்கம் லோயர் கேம்பை ஒட்டிய பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்களுக்கு ஆறரை கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம் இருக்கிறது.

உங்கள் குழு செய்யக்கூடியது அதற்குக் கீழே இருக்கிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் பக்கத்து ஆட்களை விடியற்காலையில் குமுளிக்கோ பளியன்குடிக்கோ கொண்டு போய்ச் சேர்ப்பது, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது. கம்பத்திலிருந்து சிறப்புப் பேருந்து விடுகிறார்கள் என்றாலும் நடக்க முடியாத பெரியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வேனைத்தான் தேடுவார்கள். ஆப் போடுவதென்றால் இந்தப் பகுதிக்குப் போடுங்கள். "கோவில் வரை டிக்கெட்" என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். குமுளியில் ஜீப் வரிசையில் நிற்கும்போது உங்கள் ஆப்பைக் காட்டி ஒருவர் சண்டை போட்டால் பேர் கெடுவது உங்களுக்குத்தான்.

எத்தனை வண்டி வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மொத்தம் எத்தனை பேர் என்பதை வைத்துப் போடாதீர்கள். ஒரு வண்டி கிளம்பி, இறக்கி, மறுபடி ஏற்றத் தயாராக வந்து நிற்க எவ்வளவு நேரம் என்பதிலிருந்து தொடங்குங்கள். போக, வர, ஏற்றி இறக்க, டீ குடிக்க எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைத்துக் கொள்வோம். பத்து ஜீப் இருந்தால் கால் மணிக்கு ஒன்று கிளம்பும். ஒரு ஜீப்பில் எட்டுப் பேர் என்றால் மணிக்கு 32 பேர். காலை ஐந்து மணிக்கே 200 பேர் வந்து நின்றால் கடைசி ஆள் ஏறும்போது பதினொன்று ஆகியிருக்கும். பத்து ஜீப் என்று கேட்கும்போது நிறையத் தெரியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதனால் பெரும்பாலும் வண்டியைக் கூட்டுவதைவிட ஆட்களை நேரம் பிரித்து வரச் சொல்வதுதான் பலன் தரும். ஆப் ஏதாவது ஒரு வேலைக்கு உதவும் என்றால் அது இதற்குத்தான். அரை மணிக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு இத்தனை சீட்டு, நிறைந்தால் அடுத்த பிரிவு. சபரிமலை விர்ச்சுவல் க்யூவும் கூட்டத்தை இப்படித்தான் பிரித்து விடுகிறது.

பயணிகள் அதிகமாகக் குறை சொல்வது எதைப் பற்றி?

காசு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வருகிற குறைகளில் அது பின்னால்தான் நிற்கும். முன்னால் நிற்பது ஏறும் இடம்.

"குமுளி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், வண்டி வரும்" என்று ஆப்பில் ஒரு வரி. தமிழகப் பக்கம் நம் பஸ் நிற்கிற இடம் ஒன்று. செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளப் பக்கம் இன்னொரு ஸ்டாண்ட். கூடலூர்க்காரர் முதலாவதில் நிற்பார், வண்டிப்பெரியாற்றிலிருந்து வந்த அவர் தங்கை இரண்டாவதில் நிற்பார். ஓட்டுநர் நடுவில் நெரிசலில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரிடமும் "நான் ஸ்டாண்டில்தான் இருக்கேன்" என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மை. இந்தச் சண்டையைத் தீர்க்க எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். ஏறும் இடத்துக்குக் கடை பெயரோடு ஓர் அடையாளம், பகலில் எடுத்த ஒரு போட்டோ, மேப்பில் ஒரு புள்ளி. மூன்றையும் போடுங்கள். போட்டோ பகலில் எடுத்தது என்பதால், இருட்டில் எரிகிற டீக்கடை விளக்கோ பெட்ரோல் பங்க் விளக்கோ பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த குறை, திரும்பும் வண்டி. போகும்போது ஆளுக்கொரு நேரத்தில் போவார்கள், திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். கண்ணகி கோவிலில் பிற்பகலுக்கு மேல் மலையேற விடமாட்டார்கள். மாலைக்குள் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார்கள். கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிந்த அரை மணி நேரம் அப்படி. காலையில் ஓடிய அத்தனை வண்டியும் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். மதியத்தோடு முடித்துக் கொள்கிறேன் என்று பேசிய ஓட்டுநர் போகத்தான் செய்வார். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, தகவல் இல்லாமல் காக்க வைப்பது. அரை மணி தாமதம் என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். "இதோ வந்துருச்சு" என்று நான்கு தடவை சொன்னால்தான் கோபம் வரும்.

சொந்தக்காரர் வண்டி இருக்கிறது, வெள்ளை போர்டு. டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக் கொண்டு ஓட்டலாமா?

வேண்டாம். வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் சட்டப்படி குற்றம். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடித்துக் கொள்வதும் அதைத்தான்.

மஞ்சள் போர்டு வேன் கேரளாவுக்குள் போக என்ன வேண்டும்?

அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிற வண்டியா என்று முதலில் கேளுங்கள். அதற்கான மத்திய அரசு விதிகள் 2023ல் புதிதாக வந்தன. அது இல்லாத வண்டி என்றால் சிறப்பு பர்மிட் எடுத்து, கேரள வரியைப் பரிவாகன் என்ற மத்திய அரசின் வண்டிப் பதிவு இணையதளத்தில் முன்கூட்டியே கட்டி, ரசீதை வண்டியில் வைத்திருக்க வேண்டும். வரி விஷயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் இடையே இழுபறி வந்து போவது உண்டு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஓட்டுநரை விட்டே ஆர்டிஓ ஆபீசில் ஒரு தரம் விசாரித்துவிடுங்கள்.

இதில் ஆப் எழுதுகிறவர் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. வண்டிப் பதிவில் பர்மிட் முடியும் தேதி, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) முடியும் தேதி, இன்சூரன்ஸ் தேதி என்று மூன்று கட்டம் வையுங்கள். தேதி தாண்டிய வண்டி பட்டியலிலேயே வரக்கூடாது.

ஐயப்ப சீசனில் ஆப் காட்டும் நேரமும் வண்டி வரும் நேரமும் ஏன் ஒத்தே போவதில்லை?

மேப் காட்டும் வழி வேறு, போலீஸ் விடும் வழி வேறு. கூட்டம் கூடினால் கம்பத்திலிருந்து சபரிமலை போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாக அனுப்பி, திரும்பும் வண்டிகளை மட்டும் குமுளி வழியாக இறங்கச் சொல்வார்கள். மேப்போ நேரே குமுளி மலைச்சாலையில் ஏறச் சொல்லும். நேரத்தைக் கையால் மாற்றுகிற வசதி ஆப்பில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாற்றுவது என்றால் நடக்காது. கவுண்டரில் இருப்பவர் தன் போனிலேயே மாற்ற முடிய வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், எங்களுக்கு ஆப் தேவையா?

மூன்று வண்டி வரைக்கும் தேவையில்லை. ஒரு கூகுள் ஃபார்ம், அது நிரப்பும் ஷீட், ஒரு வாட்ஸ்அப் குழு, கையில் ஒரு நோட்டு. இவ்வளவு போதும். கல்யாண வீடுகளில் தொண்ணூறு சதவீதம் இதற்குள் அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு சூழ்நிலையில் ஆப் போடலாம். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு எழுதிவிடும் ஆபத்து வரும்போது. அல்லது நாலைந்து இடத்திலிருந்து ஆள் ஏறி, எந்த வண்டியில் எத்தனை காலி என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும்போது. அப்போதும் சின்னதாகப் போடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், போன் நம்பர், ஏறும் இடம், நேரப் பிரிவு. லாகின், பாஸ்வேர்டு எல்லாம் வைத்தால் பாதிப் பேர் திரும்பக் கவுண்டருக்குத்தான் போன் போடுவார்கள்.

இலவச ஹோஸ்டிங் போதுமா?

ஹோஸ்டிங் என்றால் ஆப்பை இணையத்தில் ஏற்றி வைக்கிற இடம். இலவசமாகக் கிடைப்பது மற்ற நாட்களுக்குப் போதும், விழா நாளுக்குப் போதாது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

2022 வரை கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஹெரோக்கு என்ற ஹோஸ்டிங் தளத்தில்தான் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 28 முதல் அதன் இலவசத் திட்டம் நின்றது. பிறகு பலரும் ரெண்டர் போன்ற தளங்களுக்குப் போனார்கள். ரெண்டரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் ஆப் தூங்கிவிடும். அடுத்து ஒருவர் திறக்கும்போது எழுந்து வர ஒரு நிமிடம் வரை ஆகும். ஹெரோக்குவில் இப்போது இருக்கும் மலிவான ஈகோ திட்டமும் அரை மணி நேரம் சும்மா கிடந்தால் தூங்கும்.

ஆபீஸ் வேலைக்கு எழுதிய ஆப்பில் இது பெரிய விஷயம் இல்லை. ஷட்டில் ஆப்பில் எப்போது உறைக்கிறது பாருங்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் யாரும் திறப்பதில்லை. விடியற்காலை மூன்றரைக்கு முதல் குடும்பம் திறக்கிறது, வெள்ளைத் திரை சுற்றிக் கொண்டே இருக்கிறது. அவர்கள் ஒரு நிமிடம் காத்திருக்க மாட்டார்கள். மூடிவிட்டு கமிட்டித் தலைவருக்குப் போன் போடுவார்கள், அவர் தூக்கத்தில் எழுந்து "ஆப் வேலை செய்யலையாம்" என்று குழுவில் ஒரு வாய்ஸ் நோட் போடுவார். அப்புறம் ஆப் எழுந்து ஒழுங்காக நின்றாலும் அன்று முழுக்க யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

வெளியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டித் தட்டி எழுப்பி வைக்கிற வேலையைச் சிலர் செய்கிறார்கள். விழா நாளுக்கு அதை நம்ப வேண்டாம். இரண்டு தளத்திலுமே தூங்காத சின்னத் திட்டம் மாதம் 7 டாலர் அளவில் கிடைக்கிறது. விழா மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஒரு ஜீப்பின் ஒரு டிரிப் காசுக்குள் முடிந்துவிடும்.

சீட்டு போட்டவர்கள் பெயர் மறுநாள் காணவே காணோம். என்ன ஆனது?

பெரும்பாலும் ஒரே காரணம். பெயர்களை ஆப் இருக்கிற இடத்திலேயே ஒரு ஃபைலில் எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேமிக்கிற எஸ்க்யூலைட் மாதிரி. நம் லேப்டாப்பில் அது அப்படியே இருக்கும். இந்தத் தளங்களில் ஆப் மறுபடி எழும்போதெல்லாம் வட்டு (டிஸ்க்) புதிதாகத் தொடங்கும், எழுதியதெல்லாம் போய்விடும். ஹெரோக்குவில் குறைந்தது நாளுக்கு ஒரு முறை ஆப் தானாகவே மறுதொடக்கம் ஆகும். ரெண்டர் இலவசத் திட்டத்தில் தூங்கி எழுந்தாலே போதும்.

பெயர்களைச் சேமிக்கிற டேட்டாபேஸை ஆப்பிலிருந்து பிரித்துத் தனியாக வைக்க வேண்டும். அதிலும் இலவசம் என்றால் காலாவதி தேதியைப் பாருங்கள். ரெண்டர் தருகிற இலவச டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ், 30 நாளில் முடிந்துவிடும். பௌர்ணமிக்கு ஐந்து வாரம் முன்னால் சோதனை போட ஆரம்பித்தால் விழாவுக்கு முதல் வாரம் கதவு சாத்தியிருக்கும்.

இன்னொன்று. எந்தத் தளமாக இருந்தாலும் முதல் நாள் இரவு பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, வண்டி வாரியாகப் பிரித்து, ஓட்டுநர் கையில் ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். பிரிண்ட் எடுக்கிற வசதியை எழுதச் சொன்னால் ஆப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வண்டி எங்கே வருகிறது என்று மேப்பில் நேரலையாகக் காட்டலாமா?

காட்டலாம். காட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு.

ஃபயர்பேஸ் என்பது ஆப்களுக்கு கூகுள் தருகிற சேவை. அதிலுள்ள ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸின் இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 முறை படிக்கலாம், 20,000 முறை எழுதலாம். பத்து வண்டி, பத்து வினாடிக்கு ஒரு முறை தன் இடத்தை எழுதுகிறது என்றால் மணிக்கு 3,600 முறை எழுதும். ஆறு மணி நேரத்துக்குள் அன்றைய 20,000 தீர்ந்துவிடும். படிப்பது இதைவிட மோசம். நூறு பேர் மேப்பைத் திறந்து வைத்துப் பத்து வண்டியையும் பார்த்தால் நிமிடத்துக்கு 6,000 முறை படிக்கும். எட்டு நிமிடம் சொச்சத்தில் அன்றைய கோட்டா காலி. காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஐந்தே காலுக்கு மேப் உறைந்து நிற்கும்.

அதே ஃபயர்பேஸின் ரியல்டைம் டேட்டாபேஸ் எண்ணிக்கைப்படி கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் இலவசத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புதான். நூற்றியோராவது ஆளுக்குக் கதவு திறக்காது. ஓட்டுநர் போன்களும் அந்த நூறுக்குள்தான்.

வழி என்ன? பத்து வினாடிக்குப் பதில் ஒரு நிமிடம். மலைப்பாதையில் ஒரு நிமிடத்தில் ஜீப் எவ்வளவு தூரம் போய்விடப் போகிறது? பத்து வண்டியின் இடத்தையும் சேர்த்து ஒரே பதிவாக எழுதினால் படிக்கும் எண்ணிக்கையும் பத்தில் ஒன்றாகும். இரண்டையும் செய்தால் நூறு பேர் பார்த்தாலும் நிமிடத்துக்கு நூறு முறைதான் படிக்கும், எட்டு மணி நேரம் தாங்கும். அதைவிட நல்லது மேப்பையே விட்டுவிட்டு, "3ஆம் வண்டி: லோயர் கேம்ப் தாண்டியது, 5.10" என்று ஒரு வரி காட்டுவது. பெரியவர்களுக்கு அந்த வரிதான் புரியும், மேப்பில் நகரும் புள்ளி புரியாது.

ஓட்டுநர்கள் ஏன் ஆப்பைத் திறக்கவே மறுக்கிறார்கள்?

அவர்கள் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்த ஜீப்புகளில் பல, மற்ற நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவை. ஓட்டுநருக்குப் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரியும், யார் எங்கே இறங்குவார் என்பதும் மனப்பாடம். அவரிடம் போய் "அண்ணே, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இந்தப் பச்சைப் பட்டனை அழுத்துங்க" என்றால் ஏன் அழுத்துவார்?

தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. பிரவுசரில் திறக்கிற வெப் ஆப்பாக இருந்தால் திரை அணைந்ததும் இடம் அனுப்புவது நின்றுவிடும். திரை அணையாமல் வைத்தால் போன் சூடாகும், சார்ஜ் இறங்கும். நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஆப் பின்னால் போய்விடும். கவுண்டரில் இருப்பவர் "3ஆம் வண்டி அரை மணியாக நகரவே இல்லை" என்று பதறுவார். வண்டி அதுபாட்டுக்குப் போய்க் கொண்டிருக்கும்.

பல இடங்களில் கடைசியில் நிலைத்தது இதுதான்: ஓட்டுநரிடம் ஆப்பே இல்லை. ஏறும் இடத்தில் ஒரு பையன் நிற்பான், வண்டி கிளம்பும்போது அவன் போனில் ஒரு தட்டு, மறுமுனையில் இன்னொருவன் ஒரு தட்டு. ஓட்டுநர் ஓட்டுவார், அவ்வளவுதான். மலைச்சாலையில் அதுதான் பத்திரமும்கூட.

விடியற்காலை நாலு மணி வண்டி ஏன் முந்தின நாள் பட்டியலில் வருகிறது?

ஆப் ஓடுகிற கம்ப்யூட்டரான சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பௌர்ணமி அன்று காலை நான்கு மணி என்பது சர்வருக்கு முந்தின நாள் இரவு 10.30. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் கிளம்பும் எல்லா வண்டிக்கும் இந்தக் கோளாறு வரும். நம் விழாக்களில் முக்கால்வாசி வண்டி அந்த நேரத்தில்தான் கிளம்புகிறது. பகல் இரண்டு மணிக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் குறிப்பிட்டு, விடியற்காலைப் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சர்வர் எந்த ஊரில் இருந்தால் நல்லது?

மும்பை கிடைத்தால் மும்பை, இல்லையென்றால் சிங்கப்பூர். ரெண்டரில் இந்தியா கிடையாது, சிங்கப்பூர் உண்டு. வேறு ஹோஸ்டிங் தளங்களில், அமேசான் கிளவுடுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் இருக்கின்றன, டிஜிட்டல் ஓஷனுக்கு பெங்களூரு. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பல தளங்கள் அமெரிக்காவில் கொண்டு போய் வைத்துவிடும். ஆப்பை ஓர் ஊரிலும் டேட்டாபேஸை வேறு ஊரிலும் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது.

ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டலாம் என்றால் கார்டை எடுக்க மாட்டேன் என்கிறதே?

2020க்குப் பிறகு கொடுத்த கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்தே வரும். வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். திறந்த பிறகும் மாதாமாதம் தானாக எடுப்பது தடைபடலாம். 2021 அக்டோபரிலிருந்து தொடர் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி தனி ஒப்புதல் கேட்கிறது, எல்லா வெளிநாட்டுத் தளமும் அதற்கு ஒத்துவருவதில்லை. முதல் மாதம் எடுத்துவிட்டு இரண்டாம் மாதம் நிற்பது இதனால்தான். விழா இரண்டாம் மாதத்தில் வருகிறது என்றால் முன்பணமாகப் போட்டு வைக்க வழி இருக்கிற தளத்தைப் பாருங்கள். விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

ஆப்பிலேயே காசு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தளத்தின் விதியைப் படியுங்கள். வெர்செல் என்ற ஹோஸ்டிங் தளத்தின் இலவச ஹாபி திட்டம் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்கு ஆகாது. சின்னக் குழுவுக்கு என் யோசனை, ஆப்பில் சீட்டு மட்டும் பிடித்து வைத்துவிட்டு, வண்டியில் ஏறும்போது யுபிஐ கோடில் வாங்கிக் கொள்வது. வராதவருக்குப் பணம் திருப்பும் தொல்லை இல்லை.

மலையில் சிக்னலே இல்லாத இடத்தில் சீட்டைக் காட்டச் சொன்னால்?

சீட்டு என்பது ஒரு எண்ணும் ஏறும் நேரமும்தான். பதிவு முடிந்ததும் அதைப் பெரிய எழுத்தில் காட்டி, "ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். கியூஆர் வைத்தே ஆக வேண்டும் என்றால், நெட் இல்லாமலே சரிபார்க்கிற மாதிரி செய்யுங்கள். எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று கடைசி வாரத்தில் யோசிக்காதீர்கள். நிறுவனப் பெயரையும் செய்தி வாசகத்தையும் டிஎல்டி என்ற, தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் பதிவு செய்து அனுமதி வாங்கிய பிறகுதான் அது போகும்.

மலையாளத்திலும் போட வேண்டுமா?

ஏறும் இடத்தின் பெயரும் நேரமும் இரண்டு எழுத்திலும் இருக்கட்டும். மற்றதைக் குமுளிக்காரர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

ஷட்டில் சேவைக்கும் ஹோஸ்டிங் தளத்துக்கும் வருகிற விமர்சனங்களை எவ்வளவு நம்பலாம்?

ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், எப்போது எழுதியது என்று பாருங்கள். வேன்காரரைப் பற்றிச் சாதாரண நாளில் எழுதியது உங்களுக்கு உதவாது. வைகாசி முகூர்த்த நாளிலோ மகரவிளக்குச் சமயத்திலோ ஏறியவர் என்ன சொல்கிறார் என்பதுதான் வேண்டும். ஹோஸ்டிங்கும் அப்படியே. "ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டேன், அருமை" என்று எழுதுகிறவர் ஏற்றிய அன்றே எழுதுகிறார். ஆறு மாதம் ஓட்டிவிட்டு, நின்று போனபோது உதவி கேட்டால் எத்தனை மணி நேரத்தில் பதில் வந்தது என்று எழுதுகிறவரைத் தேடிப் படியுங்கள். மூன்று நட்சத்திர விமர்சனங்களில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

வேன்காரரிடம் நேரிலேயே ஒரு கேள்வி கேட்கலாம்: "நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் அடுத்த வண்டி எங்கிருந்து வரும்?" உடனே ஓர் ஊர்ப் பெயரும் ஓர் ஆள் பெயரும் சொல்கிறவரைப் பேசி முடியுங்கள்.

வாங்கி வைத்த போன் நம்பர்களை என்ன செய்வது?

அழித்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023ல் சட்டமே வந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று வைத்திருந்து, நடுவில் யாரோ சீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்துக் கொடுத்தால் ஊரில் தலை காட்ட முடியாது. வண்டி வாரியாக எத்தனை பேர் ஏறினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால் அடுத்த வருடத் திட்டத்துக்குப் போதும்.

விழா முடிந்த அன்று வேறு என்ன வேலை இருக்கிறது?

பட்டியலைப் போன் நம்பர் இல்லாமல் ஒரு ஷீட்டாக இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். கட்டணத் திட்டத்தைக் கீழே இறக்குங்கள், டேட்டாபேஸையும் சேர்த்து. ஆப்பை மட்டும் நிறுத்திவிட்டு டேட்டாபேஸை மறந்தவர்களுக்கு மாதாமாதம் பில் வந்து கொண்டேயிருக்கும். பெரிய கிளவுட் தளங்களில் பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள், அது மெயில் அனுப்பும், செலவை நிறுத்தாது.

அப்புறம் ஓட்டுநர்களின் டிரிப் கணக்கு. நாள் வாடகையா, டிரிப் கணக்கா, பேட்டா தனியா என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. அன்று ராத்திரியே முடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள், மறுநாள் விடியும் முன்னே அவர்கள் தோட்டத்து ஆட்களை ஏற்றக் கிளம்பிவிடுவார்கள்.